கவுளி என்றால் பல்லியா, வெற்றிலையா?

கேள்வி: கல்யாணத்துக்குப் பெரியப்பா எழுதிக்கொடுத்த சாமான் சீட்டில் "வெற்றிலை 10 கவுளி" என்று இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் கவுளி என்றால் பல்லி என்று வருகிறது. நான் எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: 1000 வெற்றிலை. ஒரு கவுளிக்கு 100 இலை, அதுதான் கணக்கு. அகராதி சொன்னதும் சரிதான், ஆனால் முதல் பொருளோடு நிறுத்திவிட்டீர்கள், அதற்கு அடுத்தாற்போல வெற்றிலைக் கட்டும் இருந்திருக்கும். எழுத்து ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைத்துக்கொள்வதுதான் நல்லது.

பல்லியைக் குறிக்கும் சொல்லைக் கௌளி என்றும் எழுதுவார்கள், கௌதாரி கவுதாரி ஆவது மாதிரி அது கவுளி ஆகிறது, பேச்சில் கெவுளி, கொங்குப் பக்கம் பல்லிக்கு இந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் உண்டு. பல்லி உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போடுவார்களே, அதற்குக் கௌளி சாஸ்திரம் என்று பெயர். பல்லி எழுப்பும் ஒலியை நிமித்தமாகக் கேட்கும் வழக்கம் ரொம்பப் பழையது. அகநானூற்றிலேயே, பிரிந்துபோனவன் வரவுக்காகக் காத்திருக்கும் பெண் பல்லி ஒலிக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். ஆனால் அங்கே வரும் சொல் பல்லிதான், கவுளி இல்லை.

பழம்பாட்டில் கவுள் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது கன்னம், பெரும்பாலும் மதநீர் வழியும் யானையின் கன்னம். மாயாமாளவகௌளையில் இருக்கிற கௌளையும் ராகப் பெயர்தான், பல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எது எந்தக் கவுளி என்று பிரிக்க, பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். முன்னால் எண் வந்து வெற்றிலையும் கூட இருந்தால் கட்டு. சொல்லுது, கத்துது, விழுந்தது என்று வினை வந்தால் பல்லி.

சரி, வாங்கும் விஷயம். கவுளி என்ற பெயரில் இலை குறைத்துக் கட்டியும் விற்பார்கள், அதனால் விலை பேசும் முன்பே "கவுளிக்கு எத்தனை இலை?" என்று கேட்டு ஒரு கட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிடுங்கள், இதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. தாம்பூலப் பைக்கு இரண்டு இலை என்றால் 400 பைக்கு 8 கவுளி போய்விடும், மிச்சம் இரண்டு கவுளி தட்டு வரிசைக்கும் பூஜைக்கும் கிழிசலுக்கும் சரியாக இருக்கும், பெரியப்பா யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். பை 500 ஆகும் என்று தோன்றினால் இப்போதே 12 என்று திருத்திவிடுங்கள். அப்புறம், வாங்கி வந்த கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி நடு இலை அழுகும். பரப்பி, ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள், தண்ணீர் சொட்டச் சொட்ட வேண்டாம்.