ராணுவம் கழித்துவிட்ட மாருதி ஜிப்ஸி, ஜோங்கா ஜீப்புகளை வாங்கித் தஞ்சாவூர்ப் பக்கம் வைத்து ஓட்ட முடியுமா? என்ஜின் நன்றாக இருந்தால் போதுமா?

ஓட்டலாம். ஆனால் என்ஜினை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஜிப்ஸி கிங்கில் இருக்கும் ஜி13 என்ஜினும் பழைய எஸ்டீம் காரின் என்ஜினும் ஒரே குடும்பம். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் திருச்சியிலும் கும்பகோணத்திலும் இருப்பார். பேப்பரும் சேஸிஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) சரியில்லை என்றால்தான் போட்ட பணம் திரும்பாது. நம் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர், களிமண், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக் காற்று என்று எல்லாமே இரும்புக்கு எதிரி. அதனால் பேப்பர், சேஸிஸ், பிரேக்கும் ஸ்டியரிங்கும், ஒயரிங், அப்புறம் என்ஜின், கடைசியாகப் பெயின்ட் என்ற வரிசையில் போங்கள். பெயின்டில் ஆரம்பிக்கும் வண்டிகள் பாதியில் நின்றுபோகும்.

முதலில் பேப்பர். ராணுவம் கழித்த வண்டிகளைப் பெரும்பாலும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனம் மூலம் மின்னேலம் விடுவார்கள். அப்படி ஏலம் எடுத்ததை முதன்முதலில் ஆர்டிஓ ஆபீசில் பதிய, மத்திய மோட்டார் வாகன விதி 47-இன்படி ராணுவ அதிகாரி கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்றிதழின் அசல் வேண்டும். ஜெராக்ஸை வைத்து எதுவும் நடக்காது. ஏல அறிவிப்பில் ஸ்கிராப்புக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல வண்டியானாலும் ரோட்டுக்கு வராது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களைப் பதிவு நீட்டிக்காமல் ஸ்கிராப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தபிறகு, பழைய அரசு வண்டியைப் புதிதாகப் பதிவது முன்புபோல எளிதில்லை. என் யோசனை: ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கி, ஆர்சி உயிரோடு இருக்கும் வண்டியைத் தேடுங்கள். விலை கூடத்தான் இருக்கும், கொடுக்கலாம்.

ஆர்சி புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் கீழே படுங்கள். சேஸிஸில் அடித்திருக்கும் எண், என்ஜின் பிளாக்கில் இருக்கும் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெட்ரோல் என்று ஆர்சியில் இருந்து உள்ளே டீசல் என்ஜின் உட்கார்ந்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி மாற்றத்தை ஆர்சியில் ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஏற்றாவிட்டால் எஃப்சியில் (தகுதிச் சான்று சோதனை) நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் சிக்கல் வரும்.

உண்மையிலேயே ராணுவ வண்டிதானா என்று பார்க்கப் பின்பக்கம் குனியுங்கள். ராணுவ வண்டிகளில் பின் ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்கின் உருண்டைப் பகுதிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் விழும்படி ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஓட்டுவார். கிரீஸையும் சேற்றையும் சுரண்டினால் அடியில் வெள்ளை தெரியும், விளக்கு போயிருந்தாலும் அதன் பிராக்கெட் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

இனி சேஸிஸ். ஜிப்ஸியின் சேஸிஸ் பெட்டி வடிவம், அதனால் உள்பக்கத்திலிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே செதில் செதிலாக உதிரும். சின்னச் சுத்தியலால் முன்பக்கத்திலிருந்து அரையடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே பின்னால் போங்கள். நல்ல இரும்பு ணங்கென்று கேட்கும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். லீஃப் ஸ்பிரிங் பிராக்கெட்டுகள், பாடி உட்காரும் மவுன்ட்கள், கடைசிக் குறுக்குச் சட்டம், பின் சக்கரத்துக்கு மேல் சேஸிஸ் வளையும் இடம், டிரைவர் கால் வைக்கும் தகடு ஆகிய ஐந்தும்தான் முதலில் போகும். சேஸிஸின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அதில் நடவுச் சேறு ஏறிக் காய்ந்து அடைத்துவிட்டால், மேலிருந்து புகுந்த மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் உள்ளேயே நிற்கும். கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள், கொட்டுவது வெறும் மண்ணா, துருத்தூளா என்று தெரிந்துவிடும். பிறகு டேப்பை எடுத்து முன் இடது மவுன்டிலிருந்து பின் வலது மவுன்டுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

துருவுக்கு மேலேயே ஒரு தகட்டை வைத்து வெல்ட் அடிப்பதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு தகடுக்கும் நடுவில் ஈரம் தங்கி, இருந்ததைவிட வேகமாக அரிக்கும். கெட்ட பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள தகட்டை அந்த இடத்தில் பொருத்தி வெல்ட் அடிக்கச் சொல்லுங்கள். அதன்மேல் பலத்துக்குத் துண்டு வைப்பதாக இருந்தால் சாய்சதுரமாக வெட்டி வைக்க வேண்டும். சேஸிஸுக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்ட் ஓடினால், அந்தக் கோட்டிலேயே பின்னால் விரிசல் விடும். வெல்ட் அடிக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஜிப்ஸி திறந்த பாடி என்பதால், தரைத் தகட்டை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி பற்றவைத்துக்கொள்ளாவிட்டால் பாடி உள்வாங்கிக் கதவு மூடாமல் போகும். வேலை முடிந்ததும் எபாக்ஸி பிரைமர் அடித்து, பெட்டிக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரே விடுங்கள். கழிவு ஆயிலைப் பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும், புழுதியையும் சேறாக ஒட்டவைக்கும். இந்த வேலைகளைப் பங்குனி, சித்திரை வெயிலில் முடித்துவிடுவது உத்தமம். ஐப்பசி ஈரத்தில் அடித்த பிரைமருக்கு அடியிலேயே துரு வளரும்.

ஹவுசிங்கில் தண்ணீர் ஏறுவது டெல்டாவுக்கே உரிய தொல்லை. நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடாகி வந்த வண்டியை நேராக வாய்க்காலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ஹவுசிங்கின் மேலே காற்று போய்வர உள்ள மூச்சுக்குழல் சேற்றில் அடைத்திருந்தால் ஆயில்சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடைப்பு மூடியைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். நிரந்தரத் தீர்வு, மூச்சுக்குழலை எடுத்துவிட்டு அங்கே பெட்ரோல் ஹோஸ் மாட்டி, என்ஜின் அறையின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவது. ஆயில் வகையிலும் கவனம் தேவை: ஹவுசிங்கில் ஜிஎல்-5, கியர்பாக்ஸில் ஜிஎல்-4. ஜிஎல்-5-இல் இருக்கும் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

அறுபதில் போகும்போது ஸ்டியரிங் கையை உதறினால் பலரும் ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றிவிட்டு விடுவார்கள். உதறல் சிறிது நாள் அடங்கும், பிறகு வரும். காரணம் பெரும்பாலும் கிங்பின் பேரிங், அதாவது முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சில் இருக்கும் பேரிங். முன் சக்கரத்தின் உருண்டை நக்கிளைத் துடைக்கும் ஃபெல்ட் சீல் தேய்ந்து, சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் பேரிங்கைத் தின்றிருக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். இரண்டு பக்கமும் சேர்த்து பேரிங், சீல் செட் மாற்றி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். டை ராட் எண்டையும் வீல் பேலன்ஸையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

என்ஜின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றும் முன் அதன் இரண்டு பாதிக்கும் உளியால் ஒரு குறி போடுங்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் இரண்டு முனையிலும் உள்ள கவை போன்ற யோக்குகள் ஒரே நேரில் நிற்காது, அவற்றை இணைக்கும் கிராஸைப் புதிதாகப் போட்டபிறகும் வண்டி அதிரும். தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவை போட வேண்டாம். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்தில் சுழற்சி வித்தியாசம் போக வழியில்லாமல் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். அதேசமயம் மாதம் ஒருமுறையாவது முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டி, மண் கரையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், முன் ஹவுசிங்குக்குள் ஆயில் சுற்றி வரட்டும்.

நெடுநாள் நின்ற வண்டியைச் செல்ஃப் அடித்து எழுப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால், பிளக் இல்லாமலே செல்ஃப் கொடுத்து ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு, பிறகு பிளக் பூட்டுங்கள். டைமிங் பெல்ட் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டர் டயஃப்ரத்தையும் இளக்கும், நம் ஊர் ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, டேங்கைக் கழற்றிக் கழுவி, நிறுத்தி வைக்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள்.

ஜோங்கா ஆசை இருந்தால் ஒரு வார்த்தை. அது ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோல் மாதிரியை வைத்துச் செய்தது. ஏறக்குறைய 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிதான் வேண்டுமென்றால் நிசான் ஒன் டன்னும் உண்டு. இரண்டுக்கும் உதிரிபாகம் டெல்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை என்று தேடி அலைய வேண்டும். சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் ஆண்டுதோறும் எஃப்சி. 50 ஆண்டு தாண்டிய வண்டி என்றால் 2021 விதிப்படி விஏ வரிசையில் விண்டேஜ் பதிவு வாங்கலாம், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது தவிர ரோட்டில் எடுக்க முடியாது, என்ஜின் மாற்றியிருந்தால் அதுவும் கிடைக்காது. வயலுக்குப் போய்வர வேண்டும் என்பவர்கள் ஜிப்ஸியோடு நிற்பது நல்லது.

பெயின்ட் அடிக்கும்போது ஆலிவ் பச்சை வேண்டாம். விதி 121-இன்படி அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும். மணல் நிறமோ சாம்பலோ அடித்து ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அம்புக்குறி போட்ட ராணுவ எண், படைப்பிரிவுச் சின்னம் எல்லாவற்றையும் முழுதாக அழித்துவிடுங்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் கொட்டகைக்குள் வரும், புது ஒயரிங்கை ஒரு வாரத்தில் கடித்துத் துண்டாக்கும். வண்டியை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், சிமெண்ட் தரையில் நிறுத்தி, பானெட்டைத் திறந்தே வையுங்கள். மண் தரையாக இருந்தால் ஈரம் கீழிருந்தே ஏறும். வாய்க்காலில் இறங்கி வந்த அன்றைக்கே பின் டிரம்மைக் கழற்றி வண்டலைக் கழுவி விடுங்கள், காயவிட்டால் லைனிங்கோடு டிரம்மையும் சேர்த்துத் தேய்க்கும்.