சைட் அடித்தால் வெள்ளைப் பந்து ஏன் எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது: கேள்வி பதில்

கேள்வி: பூல், ஸ்னூக்கர் ஆடும்போது இடது சைட் வைத்தால், அதாவது வெள்ளைப் பந்தை நடுவை விட்டு இடப்பக்கம் அடித்தால், அது கொஞ்சம் வலது பக்கம் போகிறது. என் ஸ்ட்ரோக் கோளாறா?

பதில்: ஸ்ட்ரோக் கோணலாக இருக்கலாம், ஆனால் நேராக அடித்தாலும் போகத்தான் செய்யும். பந்தின் இடப்பக்கம் டிப் (அடிக்கும் கோலான க்யூவின் முனை) பட்டதுமே பந்து சுழலத் தொடங்குகிறது, அந்தச் சுழற்சி டிப்பை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, டிப் இடது போனால் பந்து வலது போயாக வேண்டும். 1998-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் அதிவேகக் கேமரா வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டிப்பும் பந்தும் சேர்ந்திருப்பது சுமார் ஒரு மில்லிசெகண்டுதான். அதற்குள் க்யூ முழுவதும் நகர நேரமில்லை, முனைப் பக்கம் ஒரு சாணின் கனம் மட்டும்தான் கணக்கில் வருகிறது.

கேள்வி: அப்படியானால் கனமான 21 அவுன்ஸ் க்யூ வாங்கினால் அதிகம் விலகுமா?

பதில்: கனம் பின்பக்கம் இருந்தால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: வீட்டில் அளக்க முடியுமா?

பதில்: ஒன்பதடி மேசை இருந்தால் முடியும். ஹெட் ஸ்பாட்டில் (உங்கள் பக்கத்திலிருந்து மேசையின் கால் பங்கு தூரத்தில், நடுவில் இருக்கும் புள்ளி) வெள்ளைப் பந்துக்குப் பதில் ஒரு பட்டை போட்ட பந்தை வையுங்கள், பட்டை செங்குத்தாக உங்களைப் பார்த்து இருக்கட்டும். எதிர்க் குஷனில் (மேசை ஓரத்து ரப்பர் விளிம்பு) வெள்ளைத் தாள், அதன்மேல் கார்பன் தாள், இரண்டையும் டேப் போட்டு ஒட்டுங்கள். முதலில் நடுவில் நாலைந்து அடித்து உங்கள் நேர்க்கோடு எங்கே என்று பாருங்கள். அப்புறம் க்யூவை 12 மி.மீ. இடப்பக்கம் இணையாக நகர்த்துங்கள் (நான் துணியில் ஒரு நூலை இழுத்து ஒட்டி அதன் மேலேயே க்யூவை ஓட்டினேன்), டிப்பில் சாக் (சுண்ணக்கட்டி) தடவிப் பலமாக அடியுங்கள். பந்தில் சாக் தடம் எங்கே விழுந்தது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அது பட்டையின் நடுவிலிருந்து 12 மி.மீ.யில் இருக்காது, டிப் உருண்டை என்பதால் 9 மி.மீ. பக்கம்தான் இருக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பந்து ஓடியது சுமார் 187 செ.மீ. தாளில் புள்ளி நேர்க்கோட்டிலிருந்து 56 மி.மீ. தள்ளி விழுந்திருந்தால், 9-ஐ 1870-ஆல் பெருக்கி 56-ஆல் வகுங்கள்: 300 மி.மீ. அதாவது உங்கள் க்யூவின் இயற்கையான பிவட் நீளம் 30 செ.மீ. பிரிட்ஜ் கையை (க்யூவைத் தாங்கும் முன்கை) பந்திலிருந்து அந்தத் தூரத்தில் வைத்துப் பின்கையை மட்டும் திருப்பினால் பந்து குறி வைத்த பக்கமே போகும். லோ டிஃப்லெக்‌ஷன் ஷாஃப்ட் (விலகல் குறையச் செய்த க்யூவின் முன்பாதி) என்றால் முனை லேசு, இந்த எண் நீளும். க்யூ முடிந்தவரை படுக்கையாக இருக்க வேண்டும். மறக்காதீர்கள்.

கேள்வி: மெதுவாக அடித்தால் விலகலே இல்லை, பலமாக அடித்தால்தான் விலகுகிறது. நீங்கள் வேகத்தைச் சொல்லவே இல்லையே?

பதில்: ஒதுங்கும் கோணத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. குஷன் குறுக்கே வருவதால் எப்படிப் பிடித்தாலும் க்யூ லேசாகச் சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வு பந்தைச் சைட் வைத்த பக்கமே வளைத்துத் திரும்பக் கொண்டுவரும். மெதுவாக அடித்தால் வழியிலேயே வளைந்து முடிந்துவிடும், பலமாக அடித்தால் வளைவதற்குள் குஷன் வந்துவிடும். நீங்கள் பார்ப்பது கழித்தல் கணக்கின் மிச்சம்.

கேள்வி (அதே நண்பர்): இருபது வருடம் ஸ்னூக்கர் ஆடியவன் நான், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பதில்: கண்ணால் பார்த்தது சரிதான் ஐயா, காரணம்தான் வேறு. பின்பக்கத்தை இன்னும் தூக்கி அதே மெதுவான அடியை அடித்துப் பாருங்கள், விலகல் மைனஸ் ஆகும், அதாவது பந்து இடப்பக்கமே போகும். விலகலே இல்லையென்றால் மைனஸ் எங்கிருந்து வந்தது?

கேள்வி (இன்னொருவர்): நானும் பார்த்திருக்கிறேன், அவர் சொல்வதுதான் சரி.

பதில்: கார்பன் தாள் ஐந்து ரூபாய்தான், ஒட்டி அளந்து பாருங்கள்.

கேள்வி: சைட் வைத்தால் கலர் பந்தும் கோணம் மாறுகிறதே?

பதில்: அது பந்துக்கும் பந்துக்கும் இடையில் உராய்வு செய்கிற வேலை. தனிச் சமாச்சாரம், இங்கே கலக்காதீர்கள்.

கேள்வி: எந்த ஷாஃப்ட் வாங்கலாம்?

பதில்: இருப்பதை அளந்துவிட்டு வாருங்கள். க்யூ படுக்கையாக.

கேள்வி (ஸ்னூக்கர் நண்பர்): அடித்துப் பார்த்தேன். பலமாக அடித்தால் வலப்பக்கம் 61 மி.மீ., மெதுவாக 22, பின்பக்கம் தூக்கினால் இடப்பக்கம் 15.

பதில்: அருமை. சாக் தடம் எத்தனை மி.மீ.யில் விழுந்தது?