அணைத்த விளக்கிலும் கரையும் கம்பி: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா,

எங்கள் பிள்ளைகள் மகனீசியக் கம்பி, கரித்தகடு, உப்புத் தண்ணீர் வைத்து ஒரு விளக்குச் செய்தார்கள். மழைக்காலத்தில் தோட்டத்து லய வீடுகளில் கரண்ட் போனால் உதவும் என்று ஆசை. ஆனால் இரவு அணைத்து வைத்தாலும் காலையில் கம்பி அரித்துப்போய், அடியில் வெள்ளை மண்டி கிடக்கிறது. சுத்தமான மகனீசியம்தானே நல்லது? ஏன் அலுமினியமும் ஈயமும் கலக்கிறார்கள்?

இரசாயனவியல் ஆசிரியை, தலவாக்கலை

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். 1 கிராம் மகனீசியம் முழுதும் மின்னாக மாறினால் 2.2 அம்பியர் மணி கிடைக்கும், சாதாரண பற்றரியில் இருக்கும் நாகத்தில் (துத்தநாகம்) 0.82தான். ஆனால் மகனீசியம் தண்ணீரோடு தானாகவே வினைபுரியும். ஐதரசன் குமிழியாகப் போகும், ஐதரொட்சைட்டு மண்டியாக இறங்கும், வயரில் ஓடவேண்டிய இலத்திரன் அங்கேயே செலவாகிவிடும். விளக்கு எரியும்போதாவது குமிழி குறையும் என்று நினைப்போம். மகனீசியத்தில் அது கூடும்!

சுத்தம் என்றால், இரும்பு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வார்த்த தூய மகனீசியத்தில் இரும்பு பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 170 பங்கைத் தாண்டினால் அரிப்பு பலமடங்காகும். நிக்கலுக்கு அந்த எல்லை வெறும் 5. உள்ளே சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு இரும்புத் துணுக்கும் ஒரு குட்டிக் கதோட்டு: சுற்றியுள்ள மகனீசியத்தின் இலத்திரனை வாங்கி அதைக் கரையவைக்கும். மங்கனீசு சேர்ப்பது இதற்காகத்தான்: உருக்கும்போது இரும்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஒரு பகுதி அடியில் இறங்கும், மிஞ்சிய இரும்பின் தீங்கும் குறையும்.

அலுமினியம் கூடினால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்மணிகளின் (சின்னப் படிகங்களின்) ஓரத்தில் வேறொரு சேர்வை உருவாகும். அது திட்டுத்திட்டாக நின்றால் அரிப்பைத் தூண்டும், வலைபோல இணைந்தால் தடுக்கும். ஈயத்தின் வேலை வேறு. கம்பியை மூடும் ஐதரொட்சைட்டுப் படலம் மின்னோட்டத்தை மந்தமாக்குமே, அதை ஈயமும் அலுமினியமும் சேர்ந்து உரிந்து விழச்செய்யும். 6 சதவீதம் அலுமினியமும் 5 சதவீதம் ஈயமும் கொண்ட ஏபி65 கலப்புலோகம் கடல்நீர் மின்கலங்களில் பயன்படுவது அதனால்தான்.

ஆனால் டீச்சர், அந்தக் கம்பி லயத்துக்கு வேண்டாம். மண்டியை எங்கே கொட்டுவார்கள்? கானில்தான். கான் தண்ணீர் ஓடையில் சேரும், கீழே இன்னொரு தோட்டத்துப் பிள்ளைகள் அந்த ஓடையில்தான் குளிப்பார்கள். விளக்கு வெளிச்சத்துக்காக ஈயத்தை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது. சுடுதண்ணீர் கீசருக்குள் துருவைத் தடுக்க வைக்கும் மகனீசியக் கம்பியைத் தேடுங்கள், மங்கனீசு கலந்தது கிடைத்தால் நல்லது. அதே வடிவில் அலுமினியக் கம்பியும் வரும், அதனால் மகனீசியம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. கம்பியைத் தராசில் நிறுத்துவிட்டு 0.1 அம்பியரில் 11 மணித்தியாலம் விளக்கை எரியவிடுங்கள். 1.1 அம்பியர் மணிக்கு அரைக் கிராம்தான் குறையவேண்டும். மண்டியைத் துடைத்து, காயவைத்து மறுபடி நிறுக்கும்போது 1 கிராம் குறைந்திருந்தால் பாதி வீண். பழைய கம்பியையும் புதியதையும் இப்படியே ஒப்பிடலாம். ஐதரசன் வருவதால் யன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

விளக்கு வேண்டாத நேரத்தில் உப்புத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, கம்பியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். இரவுக் கரைப்பு அதோடு நிற்கும்.