கிளாட் தேர்வில் வரும் 'சட்டத் தர்க்கம்' என்றால் என்ன? சட்டமே படிக்காத பிளஸ் டூ மாணவர் அதற்கு எப்படித் தயாராவது?

பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிளாட். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே வாசல். சட்டத் தர்க்கம் என்பது, பத்தியில் தரப்படும் விதியை ஒரு சம்பவத்துக்குப் பொருத்தி முடிவு சொல்வது.

உதாரணமாக, '18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது' என்கிறது ஒரு பத்தி. 17 வயதுப் பையன் தவணையில் பைக் வாங்கக் கையெழுத்திடுகிறான். பார்த்தால் பெரியவனாகத் தெரிந்தான் என்கிறார் விற்றவர். பாவம்தான், ஆனாலும் ஒப்பந்தம் செல்லாது. இரக்கத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. பந்து எதிர்வீட்டுக்குள் விழுந்தால் அவுட் என்று தெருக் கிரிக்கெட்டில் பேசிக்கொண்டால், எவ்வளவு அழகாகத் தூக்கி அடித்தாலும் அவுட்தானே?

தேர்வில் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சட்டத்தைப் பல்கலைக்கழகமே கற்றுக்கொடுத்துவிடும்; அது தேடுவது கவனமாக வாசிப்பவரை. 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.25 மதிப்பெண் குறையும். அதனால் தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, அதன் வாதத்தை இரண்டே வரியில் எழுதிப் பாருங்கள். பயிற்சி மையக் கையேடுகளைவிட இந்தப் பழக்கத்தையே நான் நம்புகிறேன்.

சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை, விடைக்கு வேண்டிய விதி பத்தியிலேயே இருக்கும்.