கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு?

குடி, போதைப் பழக்கம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் போதை மீட்பு ஆலோசகர் குழு பதில் சொல்கிறது. கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் கணவர் கொத்தனார். தினமும் இரண்டு குவார்ட்டர். வேலை இல்லாத நாளில் காலையிலேயே தொடங்கிவிடுகிறார். ஹெல்ப்லைனுக்குப் போன் போடு என்கிறாள் தங்கை. போலீஸ் வந்துவிடுமோ, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்த எண்ணுக்குப் பேசுவது, என்ன சொல்வது?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

போலீஸ் வராது. வண்டி அனுப்பி அவரைத் தூக்கிக்கொண்டும் போக மாட்டார்கள். (அதை எதிர்பார்த்தே போன் செய்து ஏமாறுகிறவர்களும் உண்டு.) ஹெல்ப்லைன் என்பது பேசி, நிலைமையைக் கணித்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இடம். அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய உதவி.

எண்களில்தான் குழப்பம். 14446 போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய எண், மத்திய சமூக நீதி அமைச்சகத்தினுடையது. கட்டணம் கிடையாது. 14416 என்பது டெலிமனஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நள்ளிரவில் பேச வேண்டியிருந்தால் இதைப் போடுங்கள். 10581 கள்ளச்சாராயம், போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் சொல்லும் எண்; உங்கள் வீட்டு விஷயத்துக்கு அது வேண்டாம். 1933 மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் எண். கடத்தல், விற்பனை பற்றிப் பொதுமக்கள் தரும் தகவலைப் பெறுவதுதான் அதன் முதல் வேலை.

பெயர் சொல்லாமலே பேசலாம். மாவட்டத்தை மட்டும் சொல்லுங்கள், பக்கத்தில் உள்ள மையத்தைக் காட்ட அது வேண்டும். நீங்கள் அழைக்கும் எண் அவர்களுக்குத் தெரியலாம். அதனால் எடுத்தவுடனே, "இந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதீங்க" என்றோ, "பகல் பதினோரு மணிக்கு மட்டும் கூப்பிடுங்க" என்றோ சொல்லிவிடுங்கள். ரகசியம் கசிவது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து அல்ல, நம் போனின் அழைப்புப் பட்டியலிலிருந்துதான். பேசி முடித்ததும் அதை அழித்துவிடுங்கள். ரகசியத்துக்கு எல்லையும் உண்டு: யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து என்றாலோ, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்றாலோ அவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் அடிக்கிறார் என்றால் அதற்குப் பெண்கள் உதவி எண் 181 தனியாக இருக்கிறது. அந்த நிமிடமே ஆபத்து என்றால் 112.

பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வயது, எத்தனை வருடப் பழக்கம், ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் குடிக்கிறாரா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, உளறினாரா, சர்க்கரையோ மஞ்சள் காமாலையோ உண்டா, சாகப் போகிறேன் என்று பேசுகிறாரா. அளவை ரூபாயில் சொல்லாதீர்கள். 'இருநூறு ரூபாய்க்குக் குடிக்கிறார்' என்றால் ஒன்றும் விளங்காது. 180 மி.லி. குவார்ட்டர் ஒன்றில், 42.8 சதவீதச் சரக்கு என்றால், சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். உங்கள் கணவர் குடிப்பது தினம் 120 கிராம். 'பீர்தானே' என்று விடுவதற்கும் இல்லை: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் 40 கிராம் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பது. அடுத்த பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும்.

மையத்தின் முகவரி கொடுத்தால் அதோடு போனை வைத்துவிடாதீர்கள். புறநோயாளிப் பிரிவு எந்தெந்த நாள், படுக்கை வசதி உண்டா, இரவில் டாக்டரோ நர்ஸோ இருப்பார்களா, என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முன் அந்த மையத்துக்கும் ஒரு போன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், 'இன்று டாக்டர் வரவில்லை' என்று திரும்பினால் அவர் மறுபடி கிளம்ப மாட்டார்.

கணவரிடம் பேசுவது போதையில் இருக்கும்போது வேண்டாம். காலையில், முதல் குடிக்கு முன், இரண்டே வாக்கியத்தில்.

அப்பா 25 வருடக் குடி. குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்தினார். மறுநாள் கை நடுக்கம். மூன்றாம் நாள் இரவு, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டுகிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார். காத்துக் கருப்பு என்கிறார் பாட்டி. கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் சரியாகும் என்கிறார் மாமா. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்த பிறகு தெளிந்தார். இது ஏன்?
– வாசகர், தருமபுரி

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களே, அது அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம்.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்தும் பக்கம் இழுக்கிறது. விழித்திருக்க வேண்டும் என்பதற்காக மூளை எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிவிடுகிறது, வருடக்கணக்கில். திடீரென்று ஒரு பக்கம் கயிற்றை விட்டுவிட்டால்? எதிரணி மல்லாந்து விழும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அந்த விழுதல்தான்.

அது வரும் நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48லிருந்து 96 மணி நேரத்துக்குள், அதாவது மூன்றாம் நாள், நான்காம் நாள், எறும்பு ஊர்வதும் ஆள் தெரிவதும் வரும். நாள், நேரம் குழம்பிப்போகும், காய்ச்சல் அடிக்கும், நாடி எகிறும். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுத்துவிடும். எல்லோருக்கும் வருவதில்லை. முன்பு ஒருமுறை வலிப்போ உளறலோ வந்தவர், காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கல்லீரல் கெட்டவர், வயதானவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இவர்கள் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். கோயிலில் கயிறு கட்டுவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இந்த நிலை மறுபடி வந்தால் 108. 'உடம்பு சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், 'குடியை நிறுத்தி மூன்றாம் நாள், ஆள் அடையாளம் தெரியவில்லை' என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை அறையில் விளக்கு எரியட்டும். இருட்டில் நிழலெல்லாம் ஆளாகும். பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசட்டும். கட்டிப்போட வேண்டாம். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி, வாயில் ஸ்பூன் இரண்டும் வேண்டாம். மாமா சொன்னதுபோல் ஊற்றிக் கொடுத்தால் அந்தக் குழப்பத்தில் புரையேறி நுரையீரலுக்குள் போகும்.

இன்னொன்று, அதிகம் பேர் அறியாதது. அசதியாக இருக்கிறார் என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். நீண்ட நாள் குடிப்பவர் உடம்பில் தயமின் எனும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். குளுக்கோஸைச் செரிக்க உடம்பு அந்த மிச்ச மீதியையும் எடுத்துக்கொள்ளும். பிறகு நடை தள்ளாடும், கண் நிலைகொள்ளாமல் ஆடும், ஞாபகம் போகும். சிலருக்குத் திரும்பி வராமலே போகும். எனவே குளுக்கோஸுக்கு முன்னாலோ, கூடவோ தயமின் ஊசி போட வேண்டும். 'இவர் தினமும் குடிப்பவர்' என்று நீங்கள் சொன்னால்தான் அந்த டாக்டருக்குத் தெரியும். வெட்கப்பட்டு மறைக்கும் இடம் அதுவல்ல.

நடுக்கத்துக்கு டாக்டர் தரும் டயஸிபாம், குளோர்டயசிபாக்சைடு வகை மாத்திரைகளை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். பழைய சீட்டை வைத்து வாங்கிக் கொடுக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் மூச்சு அடங்கும்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்தார்களாம். கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

கூடாது. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிராம் என்ற உண்மையான மருந்து இருக்கிறது. அதைக் கலந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஆல்கஹால் உடம்பில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு வெளியேறாமல் அது தடுக்கும். குடித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவர் பிழைக்காமலும் போகலாம். இதைக் கடைசிக் குடி முடிந்து குறைந்தது 12 மணி நேரம் கழித்து, எல்லாம் விளக்கி, சம்மதம் வாங்கி, பரிசோதனை செய்த பிறகுதான் டாக்டர் தொடங்குவார். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை இருக்கும். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் கடைக்குப் போவார். விழுந்தால் ஆஸ்பத்திரியில் காரணம் சொல்ல அவரால் முடியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் மகன் பையில் வலி மாத்திரை அட்டைகளும் ஊசியும் இருந்தன. ஹெல்ப்லைனில் சொன்னால் கேஸ் ஆகிவிடுமா? படிப்பு போய்விடுமே.
– ஒரு தாய், சென்னை

சிகிச்சை கேட்டு ஆலோசகரிடம் பேசுவதால் கேஸ் ஆகாது. வழக்கே வந்தாலும், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது: போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், தானாக முன்வந்து அரசின் அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை பெற்றால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போகலாம். எனவே சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விற்றவருக்கு இந்தச் சலுகை இல்லை.

அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். மாத்திரையின் பெயரை ஆலோசகரிடம் படித்துக் காட்டுங்கள். டாபென்டாடால், டிராமடால் போன்றவை ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்துகள். தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றும்போது மாத்திரையின் கரையாத மாவுத் துகள்களும் ரத்தக்குழாய்க்குள் போகும்; குழாய் அடைத்துச் சீழ் வைக்கும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை அவசியம்.

ஓபியாய்டை நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், கால் குடையும், வயிற்றுப்போக்கு இருக்கும். இரண்டு மூன்று நாள் உச்சம். மதுவை நிறுத்துவதுபோல் இது சாதாரணமாக உயிரை எடுப்பதில்லை. டிராமடாலில் மட்டும் வலிப்பு வரலாம், கவனம். பெரிய ஆபத்து அதற்குப் பின்னால் இருக்கிறது. சில வாரம் நிறுத்தியவன் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே எண்ணிக்கையில் போட்டால் மூச்சு நின்றுவிடும். 'சரியாகிவிட்டான்' என்று வீட்டார் மூச்சு விடும் நேரம்தான் அது. உதடு நீலமாகி, குறட்டை போல மூச்சு இழுத்து, தட்டினால் எழவில்லை என்றால் 108.

தனியார் மையத்தில் மூன்று மாதம் என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். பார்க்கவோ பேசவோ விட மாட்டார்களாம். நம்பலாமா?
– வாசகர், மதுரை

பார்க்க விட மாட்டோம் என்ற அந்த ஒரு வரி போதும், வேறிடம் பாருங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் சேர்த்தே பேசுகிறது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் தடை. சம்மதமில்லாத ஒருவரைக் குடும்பத்தார் சொல்வதால் மட்டும் பூட்டி வைக்க முடியாது. மருத்துவர்கள் பரிசோதித்துத் தேவை என்று சான்று தந்தால்தான் சேர்க்கலாம், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். தானாகச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போகக் கேட்கலாம். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், முதல் வாரத்தில் இரவு யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மீட்பு மையங்களும் உண்டு. 14446இல் கேட்டால் சொல்வார்கள்.

நானே குடிப்பவன்தான். இரண்டு தடவை நம்பரைப் போட்டுவிட்டு, எடுத்ததும் கட் பண்ணிவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.
– வாசகர், திருப்பூர்

"குடிக்கிறேன். நிறுத்தணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல." இது போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். குடித்திருக்கும்போது அழைத்தாலும் பேசுவார்கள்; ஆனால் சொன்னது மறுநாள் உங்களுக்கு நினைவிருக்காது, அதனால் காலையில் அழையுங்கள். முதலில் பதிவுக்குரல் மொழி கேட்கும், காத்திருக்க வைக்கும், அதற்குள் வைத்துவிடாதீர்கள். பேசுகிறவர் உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் இன்னொரு நாள் அழைக்கலாம். அப்போது வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கேட்கக்கூடும் என்பதால், முன்பு பேசிய தேதியையும் அவர்கள் சொன்ன மையத்தின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி, மறுபடி குடித்துவிட்டாலும் அழைக்கலாம். அப்போதும் முதலில் கேட்பது அதே மணிக்கணக்கைத்தான்.