எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிஸ்ப்ளே போய்விட்டதா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அம்மா சமையலறையிலிருந்தே பார்க்க, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய கட்டுப்பாட்டு போர்டில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரும் 0.96 அங்குல ஓஎல்இடி டிஸ்ப்ளேயும் இணைத்தேன். டிஸ்ப்ளேவை இயக்க அடாஃப்ரூட் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அளவைப் பதிந்து வைக்க எஸ்டி கார்டு சேர்த்ததும் திரை கருப்பாகிவிட்டது. கம்பைல் செய்தால் பிழை எதுவும் இல்லை. ரேம் 1147 பைட், அதாவது 56 சதவீதம்தான் செலவு என்று காட்டுகிறது. எஸ்.பி. ரோடு கடைக்காரர், "டிஸ்ப்ளே போச்சு, வேற வாங்கிக்கோங்க" என்கிறார். வாங்கலாமா? அப்புறம், அம்மாவுக்குத் தமிழிலேயே காட்ட முடியுமா?

பதில்: வாங்காதீர்கள். எஸ்டி கார்டு இல்லாத பழைய புரோகிராமை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். திரை எரிந்தால் டிஸ்ப்ளே, வயர், புரோகிராமில் டிஸ்ப்ளேவுக்குக் கொடுத்த முகவரி எண் மூன்றுமே சரி. எரியும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கொடுத்த எண்ணிலேயே விடை இருக்கிறது.

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு ரேம் மொத்தமே 2048 பைட். உங்கள் திரையில் 128க்கு 64 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் வீதம் ஒரு முழுப் படத்தை வைத்துக்கொள்ள 1024 பைட் வேண்டும், சரிபாதி. அடாஃப்ரூட் லைப்ரரி இந்த இடத்தைக் கம்பைல் நேரத்தில் கேட்பதில்லை. போர்டு ஓடத் தொடங்கியபின், பிகின் என்ற கட்டளை வரும்போதுதான் கேட்கிறது. அதனால் அந்த 56 சதவீதத்தில் திரையின் கணக்கு சேரவே இல்லை. 2048இல் 1147 போனால் மிச்சம் 901. கேட்பது 1024. கிடைக்காது.

எஸ்டி லைப்ரரி தன் பங்குக்கு 512 பைட்டைப் பிடித்துக்கொள்கிறது. அது இல்லாதவரை தாராளமாக இடம் இருந்தது. இப்போது இடம் கிடைக்காமல் பிகின் தோற்றுப்போகிறது. லைப்ரரியோடு வரும் மாதிரி புரோகிராமிலிருந்து அந்த வரிகளை அப்படியே எடுத்திருந்தால், தோற்றதும் முடிவில்லாத லூப்பில் போய் நின்றுவிடும். சென்சார்கூட வேலை செய்யாது. போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து பாருங்கள், "அலொகேஷன் ஃபெயில்ட்" என்று ஒரு வரி வந்திருக்கும்.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் வழி, மேற்கோளுக்குள் இருக்கும் சொற்களை F("...") என்று எஃப் அடைப்புக்குறிக்குள் போட்டு, ரேமிலிருந்து புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குத் தள்ளுவது. செய்யுங்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது. 1024ஐ எப்படியோ ஒப்பேற்றினாலும் புரோகிராம் ஓடும்போது தற்காலிகமாக ரேமில் எடுத்துக்கொள்ளும் ஸ்டாக்குக்கு இடம் இருக்காது, திடீர் திடீரென்று ரீசெட் ஆகும்.

என் யோசனை, யு8ஜி2 லைப்ரரிக்கு மாறிவிடுங்கள். அதில் திரையை அறிவிக்கும் வரியில் 1, 2, எஃப் என்று மூன்று வகை உண்டு. எஃப் முழுப் படத்துக்கான 1024 பைட்டையும் எடுக்கும். 1 என்பது 128 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். திரையை எட்டு எட்டு வரிசையாகப் பிரித்து, உங்கள் வரையும் கட்டளைகளை எட்டு முறை ஓட்டி முழுப் படத்தையும் அனுப்பும். கொஞ்சம் மெதுவாகும். சம்ப் தண்ணீருக்கு அந்த வேகம் தாராளம்.

ஒன்றில் மட்டும் கவனம். சென்சாரைப் படிக்கும் வரியை இந்த வரையும் லூப்புக்குள் வைக்காதீர்கள். வைத்தால் எட்டுத் துண்டுக்கும் எட்டு வெவ்வேறு அளவு வரும். பெரிய எழுத்தில் 83 என்று போட்டால், தலை 83ஆகவும் கால் 84ஆகவும் தெரியும். முதலில் படித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு வரையுங்கள். எண்களை மட்டும் காட்டுவதற்குப் பெயர் டிஎன் (tn) என்று முடியும் ஃபான்ட் போதும், அதில் இலக்கங்களும் சில குறிகளும்தான் இருக்கும், ஃபிளாஷ் மிச்சமாகும்.

சரி, தமிழ். எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்க மட்டும் தெரிந்த லைப்ரரிகள் இவை. நம் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் பதிவாகி முன்னால் தெரிய வேண்டியது, அந்த வித்தை இவற்றுக்கு வராது. உங்களுக்குத் தேவை நாலைந்து சொற்கள்தானே? அவற்றைப் படமாகவே வைத்துவிடுங்கள். ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் கருப்பு வெள்ளையில் 'தண்ணீர்' என்று எழுதி எக்ஸ்பிஎம் (XBM) கோப்பாக ஏற்றுமதி செய்தால், அப்படியே புரோகிராமில் ஒட்டக்கூடிய எண் வரிசை கிடைக்கும். அதை ஃபிளாஷில் வைக்க புரோக்மெம் (PROGMEM) என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த ரேம் மறுபடி போய்விடும். 128க்கு 24 புள்ளி அளவுள்ள படத்துக்கு 384 பைட். உயரத்தை 16 ஆக்கி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், ண-வின் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு ன மாதிரி தெரியும். அடாஃப்ரூட்டுக்காகச் செய்த படத்தை இங்கே போட்டால் எட்டு எட்டுப் புள்ளியாக இடவலம் மாறித் தெரியும், இரண்டிலும் பிட் வரிசை நேரெதிர்.

ஓஎல்இடி நாள் முழுக்க ஒரே சொல்லைக் காட்டினால் அந்தப் புள்ளிகள் சீக்கிரம் மங்கிப் போகும். ஒரு புஷ் பட்டன் வையுங்கள். அம்மா அழுத்தினால் இருபது விநாடி எரிந்து அணையட்டும்.

அம்மாவுக்கு எழுத்து பொடியாகத் தெரிகிறது என்றால், அப்போது 1.3 அங்குலத் திரை வாங்கலாம். ஆனால் அதில் பெரும்பாலும், 0.96 அங்குலத் திரையை இயக்கும் எஸ்எஸ்டி1306 சிப்புக்குப் பதிலாக எஸ்ஹெச்1106 சிப் இருக்கும். அதன் நினைவகம் 132 பத்தி அகலம், படம் இரண்டு பத்தி தள்ளி விழும், ஓரத்தில் குப்பைப் புள்ளிகள் தெரியும். யு8ஜி2வில் அறிவிப்பு வரியில் சிப் பெயரை மாற்றினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம்.