படகுக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் பூல் துறைமுகத்தில் 26 அடி வெஸ்டர்லி சென்டார் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். 4,500 பவுண்டுக்கு வாங்கியது. பாய்கள் நைந்துவிட்டன. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயது தெரியாது. புதுப் பாய்களுக்கு 2,800, கம்பிகளுக்கு 1,600 பவுண்ட் கேட்கிறார்கள். கையில் 1,700 இருக்கிறது. மீதி 2,700-க்கு மூன்று வருடத் தனிநபர் கடன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பாயும் கம்பியும் சேர்த்து 4,400 பவுண்ட், கிட்டத்தட்ட இன்னொரு படகு வாங்கும் செலவு இது. விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது.

பாய் கிழிந்தால் மோட்டாரைப் போட்டுக் கரை சேர்ந்துவிடலாம். கம்பி அறுந்தால் பாய்மரமே சாயும். அதனால் கையிலிருப்பது கம்பிகளுக்கு. டிஷ்யூ தாளைக் கம்பியோடு சுற்றிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை உடைந்திருந்தால் தாள் சிக்கும். கம்பி முனைக் குழலுக்குள் நுழையும் இடத்தில் துருக் கோடு வடிந்திருந்தால் அது முடிந்த கதை. ஒன்றும் தென்படாவிட்டாலும், வயது தெரியாத கம்பியை மாற்றிவிடுவதே சரி. 10 வருடம் தாண்டினாலே பல காப்பீட்டு நிறுவனங்கள் கேள்வி கேட்கும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். சென்டாரின் பாய்மரம் படகின் மேல்தளத்தின்மேல் நிற்பது, அதனால் நீங்களே சாய்க்கலாம். நண்பர்கள் இரண்டு பேரோடு முறையாகச் சாய்த்து, பழைய கம்பிகளைக் கழற்றி, புதுக் கம்பி செய்பவரிடம் அளவுக்குக் கொடுத்தால் கூலி மிச்சம். பழைய கம்பியை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பாய் விஷயம் வேறு. தையலை நகத்தால் சுரண்டுங்கள். நூல் மட்டும் அறுந்தால் துணி நன்றாக இருக்கிறது, வெயிலில் நூல்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். மறுதையல் போட்டால் இன்னும் சில பருவங்கள் ஓடும். துணியே விரலுக்குக் கிழிந்தால் பழைய பாய் தேடுங்கள். 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டப்பட்ட படகு உங்களுடையது, அளவுக்குப் பொருந்தும் பாய் சந்தையில் வந்துகொண்டேதான் இருக்கும். படகின் பெயரை மட்டும் நம்பாமல் மூன்று ஓரங்களையும் நாடா வைத்து அளந்து கேளுங்கள். பந்தயக்காரர்கள் கழித்துப் போட்ட, படலங்களை ஒட்டிச் செய்த பளபள லேமினேட் பாய் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மடித்து மடித்து வைத்தால் உரிந்துபோகும், உங்களுக்கு டேக்ரான் என்னும் நெய்த பாலியஸ்டர் துணிப் பாய்தான் சரி.

அப்புறம், கடனாக எடுக்க நினைத்த 2,700-ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால், வட்டியில்லாமலே மாதம் 75 பவுண்ட். அதைத் தனிக் கணக்கில் போடுங்கள். புதுப் பாய்க்கு ஆர்டர் கொடுக்கும் நாள் வந்தால் இலையுதிர் காலத்தில் கொடுங்கள். வேலை குறைந்த மாதங்களில் பாய் தைப்பவர்கள் பலர் தள்ளுபடி தருவார்கள். வசந்தத்தில் போய் நின்றால் வரிசைதான்.